பதினாலாம் கேள்வி

ஒன்பது பேர், எட்டுக் கதிரை.
பிந்தி வந்த நான்
ஒயில் பீப்பாய் மேல் குந்தினேன்.
சீனக்குடா யார்டில் காலை எட்டுக்கே
தகரக்கூரை சுட ஆரம்பித்திருந்தது.

யசோதினி என்ற பிள்ளை பெயர் கூப்பிட்டாள்.
தர்மகுலசிங்கத்தைச் சொல்லி முடிக்க
அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.
மஞ்சள் அங்கி ஒன்று. சப்பாத்து ஒன்பதாம் அளவு.
என் கால் எட்டு.
"பஞ்சு வையுங்கோ அண்ணை" என்றாள்.

படிவம் மூன்று மொழியிலும் இருந்தது.
தமிழில் மட்டும்
சாரதி, 'சாராதி' ஆகியிருந்தான்.
"ஒரு கால் கூடிப்போச்சு,
சாராயத்துக்கு அரைவாசி வந்திட்டம்" என்றான்
மூதூர்ப் பெடியன் கஜரூபன்.
சிரித்துக்கொண்டே எழுதினோம்
இரத்த வகை, பிள்ளைகள் எத்தனை,
அவசரமென்றால் யாருக்கு அறிவிப்பது.
மனைவியின் இலக்கத்தை எழுதினேன்.
தெரியாத இலக்கத்துக்கு அவள் பேசமாட்டாள்.
வெட்டிவிட்டு
கீழ்வீட்டுச் சலூன்காரனின் இலக்கத்தைப் போட்டேன்.

பதினாலாம் கேள்வி:
கடந்த பத்து வருடத்தில் விபத்து உண்டா?
இல்லை.
தோஹாவில் நடந்தது தோஹாவோடு.
ஒரு சைக்கிள், ஒரு நேபாளி,
எழும்பி, மண்ணைத் தட்டி,
நொண்டி நொண்டிப் போனான்.
நான் இறங்கவில்லை.

பிறகு வீரக்கோன் சேர் வந்தார்.
தமிழை அவர்
பாரம் ஏற்றிய வண்டிபோல மெதுவாக ஓட்டினார்.
காற்று முள் பச்சைக்கு வராமல் நகரக்கூடாது.
கந்தளாய் தாண்டினால், இருட்டினால், நாற்பது.
யானைக்கு ஹோர்ன் அடிக்கக்கூடாது,
இறங்கிப் படம் எடுக்கவே கூடாது.
நெற்றிக்கு நேரே ஒரு கமரா,
இரண்டு செக்கன் கண் மூடினால் கத்தும்.
கொட்டாவி கொழும்புக்குத் தெரியும்.

சுவரில் ஒரு படம் விழுந்தது.
மூக்கு நசுங்கிய லொறி, பாலை மரம்,
தெரு நீளத்துக்கு வெள்ளையாய்க் கோதுமை மா.
"கல்லோயாச் சந்திக்கு இங்கால.
சாரதியின் கவனக்குறைவு."

மூன்றாம் கதிரையில் ஒரு கை உயர்ந்தது,
பள்ளிக்கூடத்தில் வெளியே போகக் கேட்கிற மாதிரி.
கிண்ணியா நிஸ்தார்.
தலையில் பாதி நரை. காலையிலிருந்து
புதுக்கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தவர்.
"சேர், அது எண்ட லொறி."

பதினொரு வருசம் ஓடியவராம்.
முதலிலிருந்து படி என்று
கம்பனி திருப்பி அனுப்பியிருக்கிறது.
"யான கடந்து போயிட்டு சேர்.
தாயும் போயிட்டு, குட்டியும் போயிட்டு.
போனதக் கண்ணாடிக்குள்ள பாத்துக்கொண்டு வந்தன்.
மரம் முன்னுக்கு நிண்டிச்சு."

வீரக்கோன் றிமோட்டை அமத்தினார்.
படம் மாறவில்லை.
மீண்டும் அமத்தினார்.
பற்றரியைக் கழற்றி வேட்டையில் தோற்றவன்போலப் பார்த்தார்.
"மறுநாள் ராவு" என்றார் நிஸ்தார்
ஒருவரும் கேட்காமலே,
"அந்த மாவத் திங்க வந்ததாம். குட்டியும்தான்."

பகல் அறக்குளாக் குழம்பு, பார்சல்.
பின்னேரம் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கும் பயிற்சி.
இடப்பக்கம் போக வலப்பக்கம் ஒடிக்கவேண்டும்,
கைக்குப் பழகினாலும் மூளைக்குப் பழகாது.
இரண்டு கூம்பை நான் சாய்த்தேன்.
நிஸ்தார் ஒரே மூச்சில்
நூல் கோத்த மாதிரி விட்டுவிட்டு இறங்கி,
என் கூம்புகளை நிமிர்த்தி வைத்தார்.
இடக் கண்ணாடியில் உள்துறைமுகம்,
ஒரு கப்பலின் பின்பக்கம், துருப்பிடித்த எண்ணெய்த் தாங்கி.
கன நேரம் பார்க்கவில்லை.

நாலரைக்கு யசோதினியிடம் போய்ப்
படிவத்தைக் கேட்டேன்.
"என்ன பிழை அண்ணை?"
"ஒரு எழுத்து."
அவள் பேனையையும் தந்தாள்.

பதினாலில் பேனை நின்றது.
மேலே போனது.
சாராதியின் கூடுதல் காலை வெட்டினேன்,
அழுத்தி, தாள் கிழியும் அளவுக்கு.
திருப்பிக் கொடுத்தேன்.
"இதுக்கோ வந்தனீங்கள்?" என்று சிரித்தாள்.

வாசலுக்கு நடந்தேன்.
பெரிய சப்பாத்துக்குள்
பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது.
காவலாளி கேட்டான்,
"ஏன் அண்ணை நொண்டுறீங்கள்?"